ஆலயத்துக்குள் எழுந்த சுவர்

1745 அக்டோபரில் புதுச்சேரியில் நடந்த ஒரு தகராறை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இயேசு சபைக் குருமாரின் ஆலயத்துக்குள் அப்போது ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு புறம் பறையர் கிறிஸ்தவர்கள் நின்று பூசை கண்டார்கள். மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் உரியது. பறைச்சேரி மக்கள் ஒருநாள் பெரிய சாமியாரிடம் திரண்டு போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஆண்டவன் பார்க்காத வேற்றுமையை நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள் என்று முறையிட்டார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அவர் சுவரை இடிக்கச் செய்தார். உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூடி, இனிமேல் அந்தக் கோவிலில் கால் வைப்பதில்லை என்று முறுக்கிக்கொண்டார்கள். விவகாரம் கவர்னர் துய்ப்ளே வரைக்கும் போயிற்று. பிள்ளை கிறிஸ்தவர் அல்லர்; வைணவர், வணிகர். எந்தத் தரப்புக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஊரில் நடந்ததை எழுதினார், அவ்வளவுதான். அதனாலேயே அந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் கதையை இரண்டு விதமாகச் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடம், அச்சகம், ஆஸ்பத்திரி, அகராதி என்று சாதனைகளை அடுக்கிச் சொல்வது ஒரு விதம். மதம் மாறியும் சாதி மாறவில்லையே என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது இன்னொரு விதம். முதலாவது பாதி உண்மை. இரண்டாவதும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி தங்கிவிடுகிறது: விசுவாசம் மனிதர்களின் நடத்தையை எங்கே மாற்றியது, எங்கே மாற்றவில்லை? நானூறு ஆண்டுச் சான்றுகளைப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தோன்றுவது இதுதான்: உட்காரும் இடம், குடிக்கும் கிண்ணம், சாப்பிடும் பந்தி, புதைக்கும் குழி ஆகிய அன்றாட ஏற்பாடுகளைச் சபை துணிந்து மாற்றிய இடங்களில் குணம் மாறியது. ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, பிரசங்கம் கேட்கக் கேட்க மனம் தானாகக் கனியும் என்று காத்திருந்த இடங்களில் மனம் கனியவில்லை. சாதிதான் மேலும் கெட்டிப்பட்டது.

காத்திருக்கும் இந்தக் கொள்கை கத்தோலிக்க மிஷனில் தொடங்கியது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பிராமண சந்நியாசியைப் போல் வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சமூக அடையாளங்களே, சமயக் குறிகள் அல்ல என்று அவர் வாதாடினார். 1623-ல் ரோமாபுரியும் அதை ஒப்புக்கொண்டது. உயர்ந்த சாதிகளுக்குச் சந்நியாசக் குருமார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருத்துவமே இரண்டாகப் பிரிந்தது. பறையர்களின் வீட்டுக்குள் போய் நோயாளிக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக்கூடக் குருமார் தயங்கும் நிலை வந்தது. நெடுங்காலம் நீடித்த இந்தச் சச்சரவுக்கு முடிவாக 1744-ல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஓர் ஆணை பிறப்பித்தார். அதிலும் இறுதி ஏற்பாடு என்ன? பறையர்களைக் கவனிப்பதற்கென்றே தனியாகச் சில குருமாரை ஒதுக்குவது. புதுச்சேரியில் சுவர் இடிந்தது அதற்கு அடுத்த வருடம். ரோமாபுரியில் படித்தவர்கள் நூற்றாண்டுக்கு மேல் வாதாடியும் எட்டாத முடிவைப் பறைச்சேரி மக்கள் ஒரே முறையீட்டில் எட்டினார்கள்.

புராட்டஸ்டண்டுகளும் வேறு வழியில் போகவில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளூச்சோவும் தொடங்கிய சபையில் இருக்கைகள் சாதிவாரியாகவே அமைந்தன. சூத்திரர் என்று அந்நாளைய பதிவுகள் குறிக்கும் வெள்ளாளர் முதலானோர் ஒரு பக்கம் உட்கார, பறையர் மறுபக்கம் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் கிண்ணம் முதலில் மேல்சாதியாரின் உதட்டைத் தொட்ட பிறகே அடுத்தவர்களுக்குப் போயிற்று. சில இடங்களில் இரண்டு கிண்ணங்களே வைத்திருந்தார்கள். இந்த வழக்கத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே சான்று. தஞ்சாவூரில் படைவீரராக இருந்து உபதேசியார் ஆனவர் இராஜநாயக்கன்; பறையர் குலத்தவர். ஊர் ஊராக அலைந்து சபைகளைக் கட்டி எழுப்பியதில் அவருக்கு நிகராகச் சொல்லப் பலர் இல்லை. 1733-ல் முதல் தமிழ்க் குருவாக வெள்ளாளரான ஆரோன் அபிஷேகம் பெற்றார். 1741-ல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுத்தபோது இராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. கடைசியில் இன்னொரு உபதேசியாரான தியோகுவுக்கே குருப்பட்டம் கிடைத்தது. இராஜநாயக்கனிடம் மிஷனரிகள் குறை எதுவும் காணவில்லை. அவர் கையால் மேல்சாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதே அவர்கள் கவலை. அதாவது, ஒருவருடைய விசுவாசத்தையும் நடத்தையையும் சபை எடைபோட்டுப் பார்த்து நிறைவு கண்ட பிறகும், இன்னொரு கூட்டத்தின் அருவருப்பே தீர்ப்புச் சொன்னது.

இந்த இடத்தில் எழும் முதல் எதிர்வாதம் பழையது, இன்றும் காதில் விழுவது. சாதி என்பது சமூகப் படிநிலை. ஐரோப்பாவில் பிரபுவும் குடியானவனும் தனித்தனி பெஞ்சில் உட்காரவில்லையா? உள்ளத்தில் அன்பு இருந்தால் வெளியில் எங்கே உட்கார்ந்தால் என்ன? 1826-ல் தஞ்சாவூருக்கு வந்து, அந்த ஏப்ரலிலேயே திருச்சிராப்பள்ளியில் இறந்துபோன கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். பின்னால் லைப்சிக் லுத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் இதை விரிவான கொள்கையாகவே எழுதினார். வாதம் மேலோட்டமானது என்று தள்ளிவிட முடியாது. ஐரோப்பிய ஆலயங்களிலும் வாடகைக்கு எடுத்த இருக்கைகள் இருந்தன, பணக்காரருக்கு முன்வரிசை இருந்தது. ஆனால் இரண்டு காரணங்களால் இந்த ஒப்பீடு நிற்காது. பிரபு தொட்ட கிண்ணத்தை வாங்கிக் குடியானவன் குடித்தான். குடியானவன் தொட்ட கிண்ணம் தீட்டு என்று பிரபு சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சிக்கல் மரியாதை வரிசையோடு முடியவில்லை. ஒரு மனிதனின் எச்சில், மூச்சு, நிழல் எல்லாமே அசுத்தம் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. இரண்டாவது, பணக்காரன் ஏழையாகலாம், ஏழை பணக்காரனாகலாம். இராஜநாயக்கன் என்ன செய்தாலும் இராஜநாயக்கனாகவே இருக்க வேண்டியிருந்தது.

வெளி ஏற்பாடு முக்கியமில்லை என்ற பேச்சு வேதாகமத்தின் முன்பும் நிற்காது. ஆதித் திருச்சபையின் பெரிய சண்டையே சாப்பாட்டுப் பந்தியைப் பற்றியதுதான். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யூதர்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகினார். பவுல் அதைச் சின்ன விஷயம் என்று விடவில்லை. எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் இது இருக்கிறது. யூதன் என்றும் கிரேக்கன் என்றும் வேறுபாடு இல்லை என்ற புகழ்பெற்ற போதனையும் அதே நிருபத்தில், இந்தச் சண்டைக்குப் பிறகுதான் வருகிறது. யாக்கோபின் நிருபம் இன்னும் நேரடியானது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தல் உடுத்தியவனுக்குக் காலடியும் காட்டுகிற சபையை அது கண்டிக்கிறது. கொரிந்து சபையின் விருந்தில் சிலர் பசித்திருக்கச் சிலர் வயிறு நிறைய உண்டதைக் கண்டித்த இடத்தில்தான் திருவிருந்தின் முறையே பதிவாகியிருக்கிறது. இருக்கையும் பந்தியும் விசுவாசத்துக்கு வெளியே நிற்பவை என்று சொல்கிறவர், வேதாகமத்தில் நிறையப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்ட வேண்டியிருக்கும்.

ஹீபருக்குப் பின் வந்த டேனியல் வில்சன் அப்படித் தாண்டவில்லை. அப்போது சென்னைப் பகுதியும் கல்கத்தா பிஷப்பின் ஆளுகையில்தான் இருந்தது. 1833 ஜூலை 5-ஆம் தேதியிட்ட சுற்றுக்கடிதத்தில், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியது அதன் நுணுக்கம். ஏற்கெனவே திருவிருந்தில் சேர்ந்துகொண்டிருந்த பெரியவர்களிடம், சாதியை விட்டேன் என்று வெளிப்படையாக அறிக்கையிடச் சொல்லி நிர்ப்பந்திக்க வேண்டாம் என்று அவர் சலுகை கொடுத்தார். புதிதாகச் சேருவோரும் அடுத்த தலைமுறையும் சாதியை விட்டேயாக வேண்டும். ஆனால் ஆலயத்தில் உட்காரும் இடம், திருவிருந்துக்கு வரும் வரிசை, கல்யாண ஊர்வலம், நெற்றிக் குறி ஆகிய வெளிச் செயல்களில் சாதியைக் காட்டுவது எல்லாருக்குமே அந்த நாளோடு முடிந்தது. மனத்துக்குக் காலக்கெடு இல்லை, நடத்தைக்கு உண்டு என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். எனக்குத் தெரிந்தவரை, தமிழ்ச் சபைகளின் வரலாற்றில் இந்தச் சிக்கலின் சரியான முனையைப் பிடித்த முதல் ஆவணம் அதுதான். மனத்தைச் சட்டத்தால் மாற்ற முடியாது என்பது உண்மையே. பாய் போடும் இடத்தை மாற்ற முடியும்.

கடிதம் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். உபதேசியார்களும் வாத்தியார்களும் வேலையை விட்டார்கள். 1835-ன் தொடக்கத்தில் வில்சனே தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வந்து பேசிப் பார்த்தார். பலர் இறங்கி வரவில்லை. அவர்களுடைய தரப்பை வலுவாகச் சொன்னவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் வெள்ளாளர் குடும்பத்தில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் தோழராக விளங்கிய பெருங்கவிஞர் அவர். புதிதாக வந்த மிஷனரிகள் மேல் அவர் சுமத்திய குற்றங்கள் நான்கு: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணச் சொல்கிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பண்டிகையிலும் பூவைத் தடுக்கிறார்கள், ஆலயத்தில் தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள். இந்தப் பட்டியல் கவனமாகப் படிக்கத் தக்கது. இதில் மூன்று குற்றச்சாட்டுகளில் சாஸ்திரியாரின் பக்கம் கனமான நியாயம் இருந்தது. பூவும் பாட்டும் பழகிய வேதமொழியும் ஒரு மக்களின் பக்திக்கு உயிர். அவற்றை அந்நிய ரசனையால் தடுத்தவர்கள் தவறு செய்தார்கள் என்று காலமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாஸ்திரியாரின் பாடல்களை இன்றும் தமிழ்ச் சபைகள் பாடுகின்றன.

ஆனால் அந்த மூன்றோடு சமபந்தியையும் ஒரே கட்டாகக் கட்டியதில்தான் வாதம் கோணுகிறது. பூவைத் தடுத்தால் பூச்சூட விரும்புகிறவருக்கு இழப்பு. சமபந்தியைத் தடுத்தால் இழப்பு யாருக்கு? தடுப்பவருக்கு ஒன்றும் குறையாது. தடுக்கப்படுகிறவர் மனிதர் என்ற கணக்கிலிருந்தே குறைகிறார். இன்னொருவரைத் தாழ்த்தாமல் தன்னை வெளிப்படுத்தும் வழக்கத்தைப் பண்பாடு என்று காக்கலாம். இன்னொருவரைத் தாழ்த்தினால் மட்டுமே நிலைக்கும் வழக்கத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இந்த வேறுபாட்டைச் சாஸ்திரியாரும் காணவில்லை, அவரோடு மோதிய மிஷனரிகளும் காணவில்லை. சமபந்தியையும் பூத்தடையையும் அவர்கள் ஒரே ஆர்வத்தில் திணித்ததால், நியாயமான சீர்திருத்தத்தின் மேலும் அந்நியத் திணிப்பு என்ற முத்திரை விழுந்தது. அந்த முத்திரை இன்னும் அழியவில்லை.

அதனால் இரண்டாவது எதிர்வாதத்தையும் நேராக எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. சமத்துவம் பேசிய வெள்ளைக்காரர்கள் தங்கள் வீட்டு மேசையில் தமிழரைச் சேர்த்துக்கொண்டார்களா? பெரும்பாலும் இல்லை. சுதேசி ஊழியர் பங்களா வராந்தாவோடு நிற்க வேண்டியிருந்ததும், சம்பளத்திலும் அதிகாரத்திலும் இருந்த ஏற்றத்தாழ்வும் ஊரறிந்தவை. 1910 ஜூனில் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் இதை முகத்துக்கு நேரே சொன்னவர் திருநெல்வேலிக்காரர், வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. எத்தனையோ தியாகம் செய்கிறீர்கள், ஆனால் எங்களோடு நட்புக் கொள்ளவில்லையே என்ற பொருளில் அமைந்த அந்தப் பேச்சு அரங்கில் பலரைச் சங்கடப்படுத்தியது. இரண்டு ஆண்டுகளில் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். மிஷனரிகளின் இந்த இரட்டை வேடம் உண்மை. ஆனால் அது என் வாதத்தை உடைக்காமல் உறுதிப்படுத்துகிறது. அசரியா கேட்டதும் அதே பந்தியைத்தான். வெள்ளாளரோடு பறையர் உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தான் மட்டும் தனி மேசையில் உட்கார்ந்தவன், தன் போதனைக்குத் தானே சாட்சி சொல்ல மறுத்தான். அவனுடைய குற்றம் போதனையைப் பொய்யாக்காது. அந்நியத் திணிப்பு என்ற குற்றச்சாட்டுக்கு 1745-லேயே பதில் கிடைத்துவிட்டது. சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் தமிழர்கள். இந்த மண்ணில், இந்த மொழியில் கேட்டார்கள்.

மூன்றாவது எதிர்வாதம் நடைமுறை சார்ந்தது. கட்டாயப்படுத்தினால் ஆட்கள் போய்விடுவார்கள். பொறுத்திருந்தால் காலப்போக்கில் கரைந்துவிடும். முதல் பாதி உண்மையாயிற்று. தஞ்சாவூரில் கோபித்துக்கொண்டு போன குடும்பங்கள் பல, 1840-களில் காலூன்றிய லைப்சிக் மிஷனில் போய்ச் சேர்ந்தன. அங்கே சாதியைப் பற்றி இத்தனை கெடுபிடி இல்லை. 1850-ல் சென்னையில் கூடிய புராட்டஸ்டண்டு மிஷனரிகளின் மாநாடு, தகுந்த வேளையில் எந்தச் சாதியாரோடும் உட்கார்ந்து உண்ண மறுக்கிறவரைச் சபை உறுப்பினராக ஏற்பதில்லை என்று முடிவெடுத்தபோது லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. எண்ணிக்கையில் நஷ்டம் என்பது மெய்தான். காலம் கரைத்துவிடும் என்ற இரண்டாவது பாதிக்குத்தான் சான்று தேவை. காலத்துக்கு நிறைய அவகாசம் கொடுத்த ஓர் ஊரைப் பார்க்கலாம்.

திருநெல்வேலிச் சீமையின் தெற்கு மூலையில் இருக்கிறது வடக்கன்குளம். நீலகண்ட பிள்ளை 1745-ல் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழி மலையில் கொல்லப்பட்டு, 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். அப்படிப்பட்ட பழம்பெரும் கத்தோலிக்க ஊர். எண்ணிக்கையில் குறைந்த வெள்ளாளருக்கும் பெருகி வளர்ந்த நாடாருக்கும் ஆலயத்தில் இடத்தகராறு தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1872-ல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் அந்தத் தகராறையே வரைபடமாக வைத்துக் கட்டியது. பீடம் ஒன்று, பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் கால்களைப் போல் பிரிந்து நீள்கின்றன. ஒரு கூடத்தில் வெள்ளாளரும் அவர்களைச் சேர்ந்தவர்களும், மறு கூடத்தில் நாடாரும் மற்றவர்களும். இரு தரப்பாரும் குருவைப் பார்க்கலாம்; ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கால்சட்டைக் கோவில் என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரியில் சுவர் இடிந்து 127 ஆண்டுகள் கழித்து, கொத்தனாரின் உழைப்பையும் பொறியறிவையும் பணத்தையும் செலவழித்து, பிரிவினைக்கென்றே புதிதாக ஒரு தேவாலயம் எழும்பியது. காலம் கரைக்கும் என்றார்கள். காலம் அஸ்திவாரம் போட்டுக் கொடுத்தது.

இதை முடித்ததும் காலம் அல்ல. 1910-ல் கௌசானல் அடிகளார் இரு தரப்பாரையும் பிரித்த தடுப்பை இடித்து, பொது இடத்தை எல்லாருக்கும் பொதுவாக்கினார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. பிஷப் பார்த் மேல் மைக்கேல் பிள்ளை முதலானோர் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. தனி இடம் எங்கள் பரம்பரை உரிமை, மற்றவர்கள் பக்கத்தில் வந்தால் எங்களுக்குத் தீட்டு என்பது வாதத்தின் சாரம். கிறிஸ்தவராக இருந்துகொண்டு, சக கிறிஸ்தவரின் அருகாமையைத் தீட்டு என்று சொல்லி உரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இந்த நெடிய போராட்டத்தை ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நாம் இங்கே கொள்ள வேண்டியது ஒன்று. வடக்கன்குளத்து வெள்ளாளர்கள் தேவசகாயத்தின் விசுவாசத்துக்கு வாரிசுகள். செபமாலையிலும் ஒறுத்தலிலும் குறை வைக்காதவர்கள். அவர்கள் பக்தியில் பொய் இருந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆழ்ந்த பக்தியும் ஆழ்ந்த தீட்டுணர்வும் ஒரே நெஞ்சில் தலைமுறைக்கணக்காகச் சண்டையின்றிக் குடியிருக்க முடியும் என்பதுதான் அவர்கள் வாழ்க்கை காட்டும் உண்மை. தடுப்பு இடிந்த பின்புதான் அவர்கள் இரண்டில் எது தங்களுக்குப் பெரியது என்று முடிவு செய்ய வேண்டி வந்தது.

ஏற்பாடு மாறினால் மனிதர் மாறுவார்கள் என்பதற்கு நல்ல சான்றுகளும் அதே தென்மாவட்டங்களில் உண்டு. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. மதம் மாறியவர்களை நிலச்சுவான்தார்கள் குடியிருந்த இடத்திலிருந்தே விரட்டியபோது, நிலம் வாங்கிக் குடியமர்த்தத் தர்ம சங்கம் அமைத்தார். அதற்கு முன்பே 1799-ல் முதலூர் அப்படித்தான் எழுந்தது. நிலமும் பள்ளிக்கூடமும் விதவை நிதியும் கூடிய இந்த ஊர்களில், இரண்டு தலைமுறைக்குள் எழுதப் படிக்கத் தெரிந்த, அதிகாரிக்கு முன் கூனிக் குறுகாத ஒரு கூட்டம் உருவானது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820-களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சில பெண்கள் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். தோளில் சீலை போட்டதற்காக அடிபட்ட திருவிதாங்கூர் நாடார் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விட்டுக்கொடுக்காமல் நின்று, 1859 ஜூலையில் மன்னரின் பிரகடனத்தைப் பெற்றார்கள். அந்தப் பிரகடனத்திலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற கட்டு இருந்தது. பெண்கள் அதை அதிக காலம் மதிக்கவில்லை. இங்கெல்லாம் மாற்றத்தின் கருவி நிலம், பள்ளி, கூலி, சீலை. விசுவாசம் இவற்றின் வழியாக உடம்பில் இறங்கியபோது துணிவாயிற்று.

இதிலும் ஒரு மறுப்பு எழலாம். இந்த ஊர்களில் பெரும்பாலானவை ஒரே சாதியார் வாழ்ந்தவை. ஒரு சாதி முழுவதும் சேர்ந்து உயர்ந்ததைச் சாதி ஒழிப்பு என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தன்னை உயர்த்திக்கொள்ளும் துணிவு ஒரு குணம். தனக்குக் கீழே என்று நினைக்கிறவருக்குப் பக்கத்தில் உட்காரும் பணிவு வேறொரு குணம். முன்னதை நிலமும் பள்ளியும் வளர்த்தன. பின்னதை வளர்க்கும் ஏற்பாடு பொதுப் பந்தியும் பொதுக் கல்லறையும்தான். அவை இல்லாத இடத்தில் பின்னது வளரவில்லை. நேற்று வெள்ளாளரின் தடுப்பை எதிர்த்து நின்ற சமூகமே இன்று பள்ளரும் பறையரும் வரும்போது தடுப்புப் போடுவதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. துன்பப்பட்ட அனுபவம் தானாகவே இரக்கத்தைக் கற்பிக்கும் என்பது அழகான நம்பிக்கை. வரலாறு அதை ஆதரிக்கவில்லை.

இது முடிந்துபோன கதையும் இல்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரிக்கச் சுவர் எழுப்பப்பட்டது. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் வன்னியர் கத்தோலிக்கர்களுக்கும் இடையே 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அரசின் கணக்கோ வேறு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, சில விலக்குகள் தவிர, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாராக ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவருக்கு இலவச பங்க் கடை மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மதம் மாறிய பின்பும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நிரூபிக்கும் சாட்சியங்களைக் கல்லறைச் சுவர்களாகக் கட்டி வைத்திருப்பவர்கள் யார் என்ற கேள்வி சபைகளைத்தான் நோக்கி நிற்கிறது. ஆலயத்தில் சாதி உண்டு, அரசாங்கத் தாளில் இல்லை. இரண்டு இடத்திலும் நஷ்டப்படுகிறவர் ஒருவரே.

திருச்சபைத் தலைமைகள் அறிக்கைகளுக்குக் குறை வைக்கவில்லை. தலித் மக்களை அதிகாரப்படுத்துவது பற்றி இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் கொள்கை ஆவணமே வெளியிட்டது. அவற்றைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நானூறு ஆண்டு அனுபவம் சொல்வது அறிக்கைக்கு அடுத்த படியைப் பற்றி. மனங்கள் தயாராகட்டும், பிறகு ஏற்பாட்டை மாற்றலாம் என்று காத்திருந்தவர்கள் எவரும் அந்த நாளைக் காணவில்லை. ஏற்பாட்டை முதலில் மாற்றியவர்கள் கோபத்தையும் வழக்கையும் ஆள் நஷ்டத்தையும் சந்தித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எனவே ஒவ்வொரு பங்கும் சபையும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் எளியவை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வரிசையை யார் தீர்மானிக்கிறார்கள்? திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? சபைக் கமிட்டித் தேர்தலில் எந்தத் தெருக்காரர் ஒருமுறையும் ஜெயித்ததில்லை? இந்தக் கேள்விகளுக்குப் பிரசங்க பீடத்திலிருந்து பதில் சொல்ல முடியாது. கமிட்டித் தீர்மானப் புத்தகத்தில்தான் எழுத வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே எழுதுங்கள்.